எஃப்.எம்.ஆர்.ஐ தரவை ஆராய எந்த வரிசையில் கற்பது?

கேள்வி: சாம்பல்பொருள்

எல்லோருக்கும் வணக்கம். எஃப்.எம்.ஆர்.ஐ (மூளையின் செயல்பாட்டை எம்.ஆர்.ஐ ஸ்கேனரில் பதிவது) தரவை ஆராய்வதைச் சொந்தமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். உளவியல் முதுகலை. டி-டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன் வரை புள்ளியியல் தெரியும். பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் அளவுக்குப் பழக்கம் உண்டு. 16 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். ஸ்கேனர் வசதி கிடையாது, பொதுவில் கிடைக்கும் தரவுதான்.

தேடினால் மென்பொருள் பெயர்களாகவே வந்து விழுகின்றன: எஸ்.பி.எம், எஃப்.எஸ்.எல், ஆஃப்னி, எஃப்எம்ஆர்ஐபிரெப், நைலேர்ன். எதில் தொடங்குவது என்று பிடிபடவில்லை. மூன்று சந்தேகங்கள். மென்பொருளை முதலில் கற்பதா, கணக்கை முதலில் கற்பதா? முன்செயலாக்கத்தை (புள்ளியியலுக்கு முன் படங்களைச் சீராக்குவதை) ஒவ்வொரு படியாகக் கையால் செய்து பழக வேண்டுமா, அல்லது அதைத் தானாகவே செய்யும் எஃப்எம்ஆர்ஐபிரெப்பிடம் விட்டுவிட்டு நேராகப் புள்ளியியலுக்குப் போகலாமா? புதிதாக வருபவர்கள் வழக்கமாக எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பதில்: விநாடிமுள்

மென்பொருளுக்கு முன்னால் ஒரே ஒரு வாக்ஸலின் (மூளைப் படத்தின் ஒரு சிறு கனப் புள்ளி) கணக்கு. அது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் அதே கணக்கைப் பல்லாயிரம் தடவை போடுவதுதான்.

என்ன அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனர் நியூரானை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்கும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது தேவைக்கு மேலாகவே புது ரத்தம் அங்கே பாய்கிறது, குலைவு குறைகிறது, சிக்னல் சற்று ஏறுகிறது. 1990-இல் செய்ஜி ஒகாவா விவரித்த போல்ட் விளைவு இதுதான். 3 டெஸ்லா ஸ்கேனரில் இந்த ஏற்றம் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம். உடனே வருவதும் இல்லை: தூண்டலுக்குப் பிறகு 5–6 விநாடியில் உச்சம், அப்புறம் அடிமட்டத்துக்கும் கீழே ஒரு சிறு இறக்கம், பழைய நிலைக்குத் திரும்ப 20 விநாடிக்கு மேல். எச்.ஆர்.எஃப் என்று எல்லோரும் சொல்லும் வளைவு இது.

இனி பைத்தானில் ஒரு பொய் வாக்ஸலை நீங்களே செய்யுங்கள். டி.ஆர் (ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 2 விநாடி, 200 ஸ்கேன், மொத்தம் 400 விநாடி. 20 விநாடி வேலை, 20 விநாடி ஓய்வு என்று மாறி மாறி ஒரு பெட்டி அலை. அதை 0.1 விநாடி நுணுக்கத்தில் எச்.ஆர்.எஃப்-உடன் கன்வால்வ் செய்து (ஒவ்வொரு கணத்துக்கும் அந்த வளைவை வைத்துக் கூட்டி), பிறகு 2 விநாடிக்கு ஒரு புள்ளியாக எடுங்கள். அடிமட்டம் 1000, ஏற்றம் 10, அதன்மேல் இரைச்சல், மெதுவாகச் சாயும் ஒரு நேர்க்கோடு. ஒய் = எக்ஸ் × பீட்டா + பிழை என்ற சமன்பாட்டில் எக்ஸுக்கு மூன்றே நெடுவரிசைகள்: வேலை, நேர்க்கோடு, மாறிலி. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போட்டால் 10-க்குப் பக்கத்தில் பீட்டா வர வேண்டும்.

வந்ததும் அதைக் கெடுத்துப் பாருங்கள். பாடம் இருப்பது இங்கேதான். எக்ஸில் தொடக்க நேரங்களை 4 விநாடி தள்ளிக் கொடுத்தால் பீட்டா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 10 விநாடி தள்ளினால் கிட்டத்தட்ட பூச்சியம், ஏனென்றால் 40 விநாடிச் சுழற்சியில் அது கால் சுற்று. 20 விநாடி தள்ளினால் குறி தலைகீழாகிவிடும். நிஜத் தரவில் தொடக்க நேரம் தவறினால் எந்த மென்பொருளும் எச்சரிக்காது. அழகான படம் வரும், ஆனால் அது தவறான படம்.

அடுத்து ஏற்றத்தை 0 ஆக்கி, இரைச்சலில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே 0.4 அளவு தொடர்பு வைத்து, 1000 தடவை ஓட்டுங்கள். பி மதிப்பு 0.05-க்குக் கீழே வருவது 50 தடவையோடு நிற்காது. இந்தத் தொடர்பைச் சரிக்கட்ட எஸ்.பி.எம் ஏ.ஆர்(1) திருத்தம் செய்வதும், எஃப்.எஸ்.எல் ப்ரீவைட்டனிங் செய்வதும் ஏன் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லித் தராது.

இரண்டு வாரம் இதற்கே செலவானாலும் வீணில்லை. அப்புறம் எஸ்.பி.எம். அதை வெளியிடும் லண்டன் குழுவே கொடுக்கும் செவிப்புலத் தரவு ஒன்று இருக்கிறது: ஒரே ஆள், டி.ஆர் 7 விநாடி, 84 ஸ்கேன், 6 ஸ்கேன் ஓய்வு, 6 ஸ்கேன் சொற்கள் கேட்பது. இதில் ரியலைன் (தலை அசைவைச் சரிசெய்தல்), கோரெஜிஸ்டர் (ஃபங்ஷனல் படத்தையும் கட்டமைப்புப் படத்தையும் பொருத்துதல்), செக்மென்ட் (திசு வகைகளைப் பிரித்தல்), நார்மலைஸ் (பொது மூளை வடிவத்துக்கு மாற்றுதல்), 6 மி.மீ ஸ்மூதிங் (பக்கத்து வாக்ஸல்களோடு மழுக்குதல்) எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் செய்யுங்கள். டி.ஆர் இவ்வளவு நீளமாகவும் பிளாக் 42 விநாடியாகவும் இருப்பதால் ஸ்லைஸ் டைமிங் (ஒரே ஸ்கேனின் அடுக்குகள் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்படுவதைச் சரிசெய்தல்) வேண்டாம். மேட்லாப் உரிமம் இல்லையென்றால் எஸ்.பி.எம்-இன் தனித்து ஓடும் பதிப்பு இலவசம். முடிவில் இரண்டு காதுகளுக்கும் மேலே, சுப்பீரியர் டெம்போரல் பகுதியில் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தவறு உங்கள் படிகளில்தான், தரவில் இல்லை. கற்பதற்கு இந்த உறுதி பெரிய வசதி.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் படத்தைத் திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். கோரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பின் எஸ்.பி.எம்-இன் செக் ரெஜ் சாளரத்தில் சராசரி ஃபங்ஷனல் படத்தையும் கட்டமைப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வென்ட்ரிக்கிள் ஓரங்களில் குறுக்குக்கோட்டை நகர்த்துங்கள். இரண்டிலும் ஓரம் ஒரே இடத்தில் வர வேண்டும். நார்மலைசேஷன் படுமோசமாகப் போனால் அனேகமாகக் காரணம் தொடக்கப் புள்ளி. டிஸ்ப்ளேயில் ஆன்டீரியர் கமிஷரை (இரண்டு மூளைப் பாதிகளை இணைக்கும் சிறு நரம்புக் கற்றை) தேடி அதை 0, 0, 0 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பதில்: குழாய்வழி

மேலே சொன்னதில் முக்கால்வாசிக்கு உடன்படுகிறேன். ஆனால் கையால் செய்வது ஒரே ஒரு ஆளின் தரவோடு நிற்கட்டும். 26 பேருக்குச் சொடுக்கிக்கொண்டிருந்தால் பதினேழாவது ஆளில் ஒரு கோப்பு மாறிவிடும், கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டாவது தரவாக பொதுத் தரவுத் தளமான ஓப்பன்நியூரோவில் டிஎஸ்000102 எடுங்கள். 26 பேர், ஃப்ளாங்கர் பணி (பக்கத்து அம்புகளைக் கவனிக்காமல் நடு அம்பின் திசையைச் சொல்வது), ஆளுக்கு 2 ரன் (இடைவிடாமல் எடுக்கும் ஒரு ஸ்கேன் தொடர்), ரன்னுக்கு 146 ஸ்கேன், டி.ஆர் 2 விநாடி. பிட்ஸ் (மூளைப் படக் கோப்புகளை அடுக்கும் பொது முறை) அமைப்பில் இருப்பதால் கோப்புப் பெயரைப் பார்த்தாலே என்னவென்று தெரியும். ஒவ்வொரு ரன்னுக்கும் உள்ள ஈவென்ட்ஸ் கோப்பில் தொடக்கம், நீளம், வகை என்ற நெடுவரிசைகள் இருக்கும். அங்கே நேரம் எப்போதும் விநாடியில்தான்.

விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ்) போட்டு, அதற்குள் டாக்கர் வழியாக எஃப்எம்ஆர்ஐபிரெப் ஓட்டலாம். அது உள்ளே பயன்படுத்தும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் உரிமக் கோப்பு வேண்டும், பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். 16 ஜிபி ராமில் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கு மேல் ஓட்டாதீர்கள். மூளையின் மேற்பரப்பை உருவாக்கும் படியை அணைத்துவிட்டால் பல மணி நேரம் மிச்சம். டிஸ்கை முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். மூல ரன் 64 × 64 × 40 வாக்ஸல், 146 ஸ்கேன், வாக்ஸலுக்கு 2 பைட் என்றால் சுருக்காத நிலையில் 48 எம்பிதான். அதையே எஃப்.எஸ்.எல்-இன் 2 மி.மீ எம்.என்.ஐ (பொது மூளை வடிவம்) வலைக்கு, அதாவது 91 × 109 × 91-க்கு மாற்றி 4 பைட்டில் எழுதினால் 527 எம்பி. 52 ரன்னுக்கு 27 ஜிபி. இடைக்காலக் கோப்புகள் அதற்கு மேல்.

ஓடி முடிந்ததும் வரும் அறிக்கையைப் படிக்காமல் மேலே போகாதீர்கள். வெள்ளைப் பொருளின் எல்லைக்கோடு ஃபங்ஷனல் படத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எல்லா வாக்ஸல்களின் நேரப்போக்கையும் அடுக்கிய கார்பெட் படத்தில் மேலிருந்து கீழாக முழுநீளக் கோடுகள் இருக்கின்றனவா, அந்த நேரத்தில் தலை அசைந்ததா என்று பாருங்கள்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்:

எஃப்எம்ஆர்ஐபிரெப் ஸ்மூதிங் செய்து தருவதில்லை. முதல் சில ஸ்கேன்கள் நிலைபெறாதவை என்று குறிக்குமே தவிர வெட்டாது. நீங்களாக முதல் 4 ஸ்கேனை வெட்டினால், டி.ஆர் 2 என்றால், எல்லாத் தொடக்க நேரங்களிலிருந்தும் 8 விநாடி கழிக்க வேண்டும்.

எஃப்எம்ஆர்ஐபிரெப் தரும் கன்ஃபவுண்ட்ஸ் (அசைவு போன்ற இரைச்சல் அளவுகள்) கோப்பில் நெடுவரிசைகள் ஏராளம். எல்லாவற்றையும் மாடலில் கொட்டினால் 146 ஸ்கேனில் மிச்சமிருக்கும் சுதந்திரப் படிகள் கரைந்துவிடும். 6 அசைவு அளவுகளில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் 24. காம்ப்கார் (வெள்ளைப் பொருள், திரவப் பகுதிகளிலிருந்து எடுத்த இரைச்சல் கூறுகள்) சேர்த்தால் அதே கோப்பிலுள்ள கோசைன் நெடுவரிசைகளையும் சேர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் காம்ப்கார் கணக்கிடப்பட்டது மெது அலைகளை வடிகட்டிய பிறகு. அப்படிச் சேர்த்தால் நைலேர்னில் டிரிஃப்ட் (மெதுவான சாய்வு) மாடலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ததாகும். முந்தைய ஸ்கேனிலிருந்து வேறுபாட்டைக் காட்டும் நெடுவரிசைகளின் முதல் வரியில் எண் இருக்காது. அதை 0 ஆக்காமல் கொடுத்தால் மாடல் நின்றுவிடும்.

அசைவுக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது கூடுதல் கவனம் வேண்டும். எஸ்.பி.எம்-இல் முதல் மூன்று நெடுவரிசை நகர்வு, மில்லிமீட்டரில். அடுத்த மூன்று சுழற்சி, ரேடியனில். எஃப்.எஸ்.எல்-இல் சுழற்சி முதலில். ஆஃப்னியிலும் சுழற்சி முதலில்தான், ஆனால் டிகிரியில். 50 மி.மீ ஆரமுள்ள கோளத்தின் மேல் 0.01 ரேடியன் சுழற்சி என்பது அரை மில்லிமீட்டர். வரிசை மாறினால் ஃப்ரேம்வைஸ் டிஸ்ப்ளேஸ்மென்ட் (ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்ததற்குத் தலை நகர்ந்த அளவு) முழுக்கப் பொய்யாகும்.

ஸ்லைஸ் டைமிங் செய்தால் வரிசை எண்ணை மனத்தால் ஊகிக்காதீர்கள். சீமென்ஸ் ஸ்கேனரின் இன்டர்லீவ்ட் முறையில் (அடுக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுப்பது) ஸ்லைஸ் எண்ணிக்கை ஒற்றையென்றால் 1-இல் தொடங்கும், இரட்டையென்றால் 2-இல் தொடங்கும். மல்டிபேண்ட் முறையில் ஒரே கணத்தில் பல ஸ்லைஸ்கள் வருவதால் வரிசை எண்ணுக்கே பொருளில்லை. படத்தோடு வரும் ஜேசன் கோப்பிலுள்ள நேரங்களையே கொடுங்கள். எஸ்.பி.எம்-இல் மில்லிவிநாடி கொடுத்தால் ஒப்பீட்டு ஸ்லைஸும் (மற்றவற்றை எதற்கு ஏற்பச் சரிசெய்கிறோமோ அது) மில்லிவிநாடியில்தான் இருக்க வேண்டும்.

பதில்: இரட்டைமலை

புள்ளியியல் பக்கத்தைச் சேர்க்கிறேன். படிகள் சரியாக இருந்தும் முடிவு பொய்யாகும் இடம் இது.

எளிய கணக்கு: 60,000 வாக்ஸல், எதிலும் விளைவே இல்லை. 0.05 வரம்பு வைத்தால் சராசரியாக 3,000 வாக்ஸல் ஒளிரும். 0.001 வைத்தாலும் 60. 2009-இல் கிரெய்க் பென்னட் குழு இறந்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் ‘காட்டி’, திருத்தாத 0.001 வரம்பில் அதன் மூளையில் வெளிச்சம் வருவதைக் காட்டியது. திருத்தம் செய்ததும் வெளிச்சம் மறைந்தது. பலர் இதை ஒரு வேடிக்கையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த மீனை ஒவ்வொரு ஆய்வின்போதும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கிளஸ்டர் முறைக்கு (சேர்ந்து ஒளிரும் வாக்ஸல் கூட்டத்தின் அளவைச் சோதிப்பது) வந்தால், 2016-இல் எக்லண்ட், நிக்கோல்ஸ், நட்ஸன் மூவரும் ஓய்வுநிலைத் தரவில் இல்லாத பணிகளை இருப்பதாக வைத்துச் சோதித்தார்கள். கிளஸ்டரை வரையறுக்கும் முதல் வரம்பு 0.01 போல் தளர்வாக இருந்தபோது, 5 சதவீதம் இருக்க வேண்டிய பிழை சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. 0.001 வைத்தால் நிலைமை எவ்வளவோ மேல். பெர்முடேஷன் (தரவைப் பலமுறை மாற்றியடுக்கிச் சோதிப்பது) பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொண்டது. ஆகவே ஒன்று, முதல் வரம்பு 0.001, பிறகு குடும்பவாரிப் பிழை (மூளை முழுவதிலும் ஒரு பொய் முடிவாவது வரும் வாய்ப்பு) 0.05. அல்லது 5000 பெர்முடேஷனுடன் டி.எஃப்.சி.இ (முதல் வரம்பு தேவைப்படாத கிளஸ்டர் முறை). எதுவானாலும் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஏன் என்றால், 2020-இல் வெளியான ஆய்வில் 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து 9 கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை, முடிவுகளும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பார்த்துப் பார்த்து வழியை மாற்றினால் வேண்டிய விடையைத் தரும் வழி ஒன்று எப்படியும் கிடைத்துவிடும்.

ஹை-பாஸ் வடிகட்டி (மெது அலைகளை நீக்குவது): எஸ்.பி.எம்-இல் இயல்பாக 128 விநாடி. ஃப்ளாங்கருக்கு அது போதும். ஆனால் 90 விநாடி வேலை, 90 விநாடி ஓய்வு என்று ஒரு தரவு வந்தால் சுழற்சி 180 விநாடி. 128 வைத்தால் இரைச்சலோடு உங்கள் விளைவும் வெளியே போய்விடும்.

இன்னொன்று, வட்டமடிக்கும் ஆய்வு. ‘அ’ பணியில் ‘ஆ’-வைவிட அதிகம் ஒளிரும் வாக்ஸல்களைப் பொறுக்கி, அதே தரவில் அந்த வாக்ஸல்களின் சராசரியை எடுத்து ‘அ’ பெரிது என்று பட்டைப் படம் போடுவது. பொறுக்கியதே அதற்காகத்தானே! பகுதியை வேறு ரன்னிலிருந்தோ, மூளை வரைபடமான அட்லஸிலிருந்தோ எடுங்கள். எம்.வி.பி.ஏ (பல வாக்ஸல்களின் கோலத்திலிருந்து பணியை ஊகிப்பது) பக்கம் போனாலும் இதே விதி: ஒரு ரன்னை முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரே ரன்னின் ட்ரையல்களைக் குலுக்கி இரண்டாகப் பிரித்தால் பக்கத்துப் பக்கத்து ஸ்கேன்களின் ஒற்றுமையையே மாடல் கற்றுக்கொள்ளும். ஜேம்ஸ் ஹாக்ஸ்பி குழுவின் 2001 தரவு இதைப் பழக அருமையானது: 8 வகைப் படங்கள், ஆளுக்கு 12 ரன், குருட்டாம்போக்கில் சொன்னால் 12.5 சதவீதம்.

கேள்வி கேட்டவர்: சாம்பல்பொருள்

எல்லோருக்கும் நன்றி. பொய் வாக்ஸல் வேலை செய்கிறது, 10 விநாடி தள்ளியதும் பீட்டா பூச்சியத்துக்கு வந்தது. ஆனால் செவிப்புலத் தரவில் சிக்கல். தொடக்கம் 6, 18, 30, 42, 54, 66, 78, நீளம் 6 என்று கொடுத்தேன். ரியலைன்மென்ட் கோடுகள் அமைதியாக இருக்கின்றன, செக் ரெஜும் சரி. குடும்பவாரி 0.05-இல் எதிர்பார்த்த இடத்தில் எதுவுமே இல்லை. கான்ட்ராஸ்ட் (பீட்டாக்களுக்குத் தரும் எடை) 1, 0. டிசைன் மேட்ரிக்ஸில் (எக்ஸின் படம்) முதல் நெடுவரிசையின் உச்சியில் மட்டும் வெளிச்சம் தெரிகிறது, கீழே முழுக்க ஒரே சாம்பல்.

பதில்: விநாடிமுள்

விடை உங்கள் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. ‘யூனிட்ஸ் ஃபார் டிசைன்’ என்ற இடத்தில் விநாடி என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். கொடுத்த எண்களோ ஸ்கேன் கணக்கு. எஸ்.பி.எம் அவற்றை 6-ஆவது விநாடி, 18-ஆவது விநாடி என்று படித்தது. கடைசி பிளாக் 84-ஆவது விநாடியில் முடிந்துவிட்டது, அதாவது 12-ஆவது ஸ்கேனில். மிச்சம் 72 ஸ்கேனும் ஓய்வு என்று மாடல் நம்புகிறது.

யூனிட்டை ஸ்கேன் ஆக்குங்கள். இல்லையென்றால் எண்களை விநாடிக்கு மாற்றுங்கள்: 42, 126, 210, 294, 378, 462, 546, நீளம் 42. கடைசி பிளாக் 588-இல் முடியும், 84 × 7-உம் 588. இந்தக் கூட்டல் ஒத்துவருகிறதா என்று எந்தத் தரவிலும் முதலில் பார்த்துவிடலாம். எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 6 என்றால் ஏழாவது ஸ்கேன். சரியானதும் முதல் நெடுவரிசையில் சம இடைவெளியில் ஏழு வெள்ளைப் பட்டைகள் வரும்.

பதில்: குழாய்வழி

ஃப்ளாங்கருக்குப் போகும்போது இதே இடத்தில் இன்னொரு கண்ணி. அங்கே ஈவென்ட்கள் சில விநாடிகள்தான், ஸ்லைஸ் டைமிங் செய்வீர்கள். ஒப்பீட்டு ஸ்லைஸை டி.ஆர்-இன் நடுவில் வைத்தால் மைக்ரோடைம் (டி.ஆர்-ஐ எஸ்.பி.எம் பிரிக்கும் துண்டுகள்) 16, தொடக்கம் 8 என்ற இயல்பு மதிப்பு பொருந்தும். முதல் ஸ்லைஸுக்குச் சரிசெய்தால் தொடக்கத்தை 1 ஆக்க வேண்டும். விட்டுவிட்டால் மாடலும் தரவும் 1 விநாடி விலகி நிற்கும்.

கேள்வி கேட்டவர்: சாம்பல்பொருள்

யூனிட்தான். மாற்றியதும் ஏழு பட்டைகள், இரண்டு பக்கமும் டெம்போரலில் வெளிச்சம். இடது வலது மாறவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: இரட்டைமலை

எஸ்.பி.எம் காட்டும் படத்தில் இடது மூளை உங்கள் இடப்பக்கம். எஃப்.எஸ்.எல்-இன் படம் காட்டும் கருவியான எஃப்.எஸ்.எல்-ஐஸ் இயல்பாக அதை வலப்பக்கம் காட்டும். ஆகவே இரண்டிலும் திறந்து படம் கண்ணாடிபோல் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். திரையை நம்பாமல் எம்.என்.ஐ ஆயத்தொலைவை நம்புங்கள்: எக்ஸ் எதிர்மமாக இருந்தால் இடது. மூலப் படத்திலேயே மாறியிருக்கிறதா என்பதை மூளையின் உருவத்தை வைத்துச் சொல்வது கடினம், இரண்டு பாதியும் அவ்வளவு ஒத்திருக்கும். அதனால்தான் சில கூடங்களில் ஸ்கேன் செய்யும்போதே நெற்றியின் ஒரு பக்கம் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். கட்டமைப்புப் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நீங்கள் டைகாமிலிருந்து (ஸ்கேனர் தரும் மூலக் கோப்பு) தொடங்குவதானால், அதை நிஃப்டி என்ற படக் கோப்பாக்கும் மாற்றியைத் தவிர வேறு எந்தக் கருவியாலும் நிஃப்டியின் தலைப்பைத் தொடாதீர்கள். திசை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.